ஜெர்மன் குட்டி சமஸ்தானக் குடும்பங்களோட வம்சாவளி: எங்க ஆரம்பிக்கிறது, வாரிசு யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது

ஜெர்மன் பிரபுக் குடும்பங்களப் பத்தித் தேட ஆரம்பிக்கிறவங்கள்ல நிறையப் பேர் இங்கிலாந்துக் குடும்பங்களப் பாத்துப் பழகிட்டு வர்றாங்க. அங்க ஒரு டைட்டில்னா அது ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான், அவர் போனா மூத்த பையனுக்கு. அந்தக் கணக்க ஜெர்மனிக்குக் கொண்டு வந்தீங்கன்னா முதல் பக்கத்துலயே குழம்பிடுவீங்க, ஏன்னா இங்க ஒரு க்ராஃபுக்கு, அதாவது கவுண்ட்டுக்கு, அஞ்சு பையன் மூணு பொண்ணு இருந்தா எட்டுப் பேருக்கும் பிறக்கும்போதே அந்த டைட்டில் உண்டு. பட்டம் மொத்தக் குடும்பத்துக்கும் பொது, ஆனா ஆட்சியும் அரண்மனையும் நிலமும் யாருக்குப் போகும்ங்கறது வேற கேள்வி, அதுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனக்குன்னு சட்டம் வெச்சிருந்துச்சு. அதனால யாருக்கு யார் பிள்ளைன்னு மட்டும் பாத்தாப் பத்தவே பத்தாது, அந்தப் பிள்ளையப் பெத்தவங்களோட கல்யாணம் அந்தக் குடும்பச் சட்டப்படி செல்லுபடியாச்சாங்கறதத்தான் முதல்ல பாக்கணும். கீழ சொல்ற எல்லாமே கடைசில இந்தக் கல்யாணக் கேள்வியிலதான் வந்து நிக்கும்.

எந்த வகைக் குடும்பம்னு பிரிச்சுக்கோங்க

1806 ஆகஸ்ட் 6ம் தேதி புனித ரோமப் பேரரசு கலையுற வரைக்கும் ஜெர்மனின்னு ஒரே நாடு கிடையாது, பேரரசருக்கு மட்டும் நேரடியாக் கட்டுப்பட்ட நூத்துக்கணக்கான ஆட்சிகள்தான் இருந்துச்சு. அதனால உங்க கையில ஒரு குடும்பப் பேர் சிக்குனதும் இது மூணுல எதுன்னு கேளுங்க.

ஒண்ணு, 1918 வரைக்கும் நிஜமாவே ஆண்ட சின்னக் குடும்பங்க. 1871ல உருவான ஜெர்மன் பேரரசுல 25 மாநிலம், அதுல 22 மன்னராட்சி, அதுலயும் கடைசிப் படியில 7 குட்டி சமஸ்தானம்: லிப்பே, ஷாவும்புர்க்-லிப்பே, வால்டெக், ரெண்டு ராய்ஸ், ரெண்டு ஷ்வார்ட்ஸ்புர்க். ரெண்டாவது வகைக்கு மீடியடைஸ்டுன்னு பேரு, 1806ல பக்கத்துல இருந்த பெரிய ராஜாக்கள் இவங்க நிலத்தத் தங்களோட சேத்துக்கிட்டாங்க. ஹோஹென்லோஹே, லைனிங்கன், காஸ்டெல், லோவன்ஸ்டைன்-வெர்ட்ஹைம் எல்லாம் இந்த வகைதான். ஆட்சி போச்சு, ஆனா 1815 ஜெர்மன் கூட்டமைப்புச் சட்டத்தோட 14வது பிரிவு இவங்களுக்கு ஆளுற குடும்பங்களோட சரிசம அந்தஸ்தக் குடுத்துச்சு, அதாவது ராஜா வீட்டுல பொண்ணு எடுக்கலாம் குடுக்கலாம். இது சும்மா மரியாதைக்கு எழுதுனது இல்ல, வாரிசுச் சண்டைகள்ல இந்தப் பிரிவு பெரிய ஆயுதமாச்சு.

மூணாவது வகைதான் எண்ணிக்கையில மிகப் பெருசு, ஆட்சியெல்லாம் கிடையாது, ஒரு கோட்டை, ரெண்டு மூணு கிராமம், ராணுவத்துலயோ அரசாங்கத்துலயோ வேலை. இதுல 1400க்கு முன்னாடியே பிரபுக்கள்னு ஆவணத்துல இருக்கறவங்கள ஊர்ஆடெல்ங்கறாங்க, ராஜா எழுதிக் குடுத்த பட்டயம் மூலமா ஆனவங்கள ப்ரீஃப்ஆடெல்ங்கறாங்க. பட்டயம் வாங்குன குடும்பம்னா உங்களுக்கு லாபம், ஏன்னா எந்தத் தேதியில யார் குடுத்தாங்கன்னு காகிதம் இருக்கும். பேரரசர் குடுத்ததுன்னா வியன்னாவுல இருக்கற ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகம், ப்ரஷ்யான்னா பெர்லின் டாலெம்ல இருக்கற ரகசிய அரசு ஆவணக் காப்பகம், பவேரியான்னா 1808ல ஆரம்பிச்ச பிரபுக்கள் பதிவேடு, அது ம்யூனிக்ல இருக்கு.

பேர நிதானமா வாசிங்க

குடும்பப் பேருக்கு முன்னாடி "ஃபோன்" (von, அந்த ஊர்லேர்ந்து வந்தவங்கன்னு அர்த்தம்) இருந்தா பிரபு, இல்லாட்டி இல்லன்னு நெனைக்காதீங்க. வட ஜெர்மனில சாதாரணக் குடியானவங்க பேர்லயும் ஊர்ப் பேரோட ஃபோன் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதே நேரம் ஃபோன் இல்லாத பழைய பிரபுக் குடும்பங்களும் உண்டு. "ட்சூ" வந்தா எழுதுற காலத்துல அந்த இடம் அவங்க கையில இருந்துச்சுன்னு பொதுவா எடுத்துக்கலாம், "ஃபோன் உண்ட் ட்சூ"ன்னா பூர்வீகமும் அதுதான், உடைமையும் அதுதான்.

டைட்டில் வரிசை கீழ இருந்து மேல: வெறும் ஃபோன், எட்லர், ரிட்டர் (நைட்), ஃப்ரைஹெர் (பாரன்), க்ராஃப் (கவுண்ட்), ஃப்யூர்ஸ்ட் (இளவரசர்), ஹெர்ட்சோக் (ட்யூக்). பொம்பளைங்க பேர்ல இன்னும் கூடுதலாத் தகவல் கிடைக்கும், ஃப்ரைஹெரோட மனைவி ஃப்ரைஃப்ராவ், மகள் ஃப்ரையின், அதனால ஒரு கடிதத்துலயோ கல்லறையிலயோ ஃப்ரையின்னு பாத்தா அந்த அம்மா அந்தக் குடும்பத்துல பிறந்தவங்கன்னு உடனே தெரிஞ்சுடும். நடுவுல வர்ற சில வார்த்தை பழைய அரண்மனைப் பதவி, ஹிட்லரக் கொல்லப் பாத்த க்ளவுஸ் ஷெங்க் க்ராஃப் ஃபோன் ஷ்டவுஃபன்பெர்க் பேர்ல இருக்கற ஷெங்க்ங்கறது மது பரிமாறுற பதவிலேர்ந்து வந்தது. அகர வரிசையில தேடும்போது ஷ்டவுஃபன்பெர்க்லதான் தேடணும், க்ராஃப்லயோ ஃபோன்லயோ தேடுனா கிடைக்காது.

கோட்டா புத்தகங்கள எப்படிப் பிரயோஜனப்படுத்துறது

துரிங்கியால இருக்கற கோட்டா ஊர்ல 1763லேர்ந்து 1944 வரைக்கும் வருஷா வருஷம் வந்த பஞ்சாங்கம் மாதிரியான புத்தகத்ததான் எல்லாரும் சுருக்கமா கோட்டாங்கறாங்க. அரச, இளவரச குடும்பங்களுக்கு ஹோஃப்கலெண்டர், அதுல முதல் பகுதி ஆளுற குடும்பம், ரெண்டாவது பகுதி மீடியடைஸ்டு, மூணாவது பகுதி மத்த இளவரசப் பட்டக் குடும்பம். ஒரு குடும்பம் எந்தப் பகுதியில அச்சாச்சுங்கறதே அதோட அந்தஸ்துக்கு ஒரு சாட்சி. க்ராஃப் குடும்பங்களுக்கு 1825லேர்ந்து தனி வால்யூம், ஃப்ரைஹெர்களுக்கு 1848லேர்ந்து, ஊர்ஆடெலுக்கு 1900, ப்ரீஃப்ஆடெலுக்கு 1907. ட்யூஸல்டோர்ஃப் யுனிவர்சிட்டி லைப்ரரி இதுல நிறைய வால்யூம ஸ்கேன் பண்ணி இலவசமா ஆன்லைன்ல வெச்சிருக்கு. 1951க்கு அப்பறம் வந்த தொடர் வேற பேர்ல லிம்புர்க்லேர்ந்து வந்துச்சு, அத பெரிய லைப்ரரிலதான் பாக்கணும்.

ஒரு பக்கத்தத் திறந்தா இப்படி இருக்கும்: மேல குடும்பப் பேர், மதம், பூர்வீக இடம், முதல் முதலா எந்த வருஷ ஆவணத்துல பேர் வருது, எப்ப எப்ப என்ன பட்டம் வந்துச்சு. அதுக்குக் கீழ குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைங்க, அப்பறம் கூடப் பிறந்தவங்க, அம்மா, அப்பறம் அப்பாவோட கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்கன்னு பங்காளி வரிசை போகும். பிறப்புக்கு நட்சத்திரக் குறி, இறப்புக்குச் சிலுவை. முக்கியமா, பழைய வால்யூம்கள்ல அப்ப உயிரோட இருக்கறவங்கதான் முழுசா வருவாங்க, செத்துப்போனவங்க சங்கிலிய இணைக்கிறதுக்கு மட்டும் வருவாங்க. அதனால ஒரு வால்யூம் மட்டும் பாத்து வம்சாவளி போட்டீங்கன்னா சின்ன வயசுல போன பிள்ளைங்க, வாரிசு இல்லாமப் போன சித்தப்பா பெரியப்பால்லாம் விட்டுப்போயிடுவாங்க. பத்துப் பத்து வருஷமாப் பின்னாடி போங்க, ஒரு பேர் திடீர்னு காணாமப் போச்சுன்னா நடுவுல இருக்கற ஒவ்வொரு வருஷத்தையும் பாருங்க. அவர் செத்தாரா, இல்ல அந்தஸ்து கொறஞ்ச கல்யாணம் பண்ணி வேற பேர்ல வேற வால்யூமுக்குப் போனாரான்னு அங்கதான் புடிபடும்.

கோட்டாவுக்குத் தகவல் குடுத்தது பெரும்பாலும் அந்தந்தக் குடும்பமேதான்ங்கறத மறந்துடாதீங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு அது ரொம்ப நம்பகம், பதிமூணாம் நூற்றாண்டு மூதாதையருக்கு அந்த நம்பிக்கைய வைக்காதீங்க. "வம்ச வரிசை இவர்லேர்ந்து ஆரம்பிக்குது"ன்னு ஒரு ஆளோட பேர் போட்டிருப்பாங்க, அதுக்கு முன்னாடி இருக்கறது தொடர்ச்சி நிரூபிக்கப்படாத பேருங்க. இணையத்துல கிடைக்கிற வம்சாவளிகள்ல பாதி அந்தக் கோட்டத் தாண்டி சார்லமேன் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும், அதக் காப்பி பண்ணாம அந்தக் கோட்டுலயே நின்னுடுங்க.

சர்ச் புத்தகமும் கல்லறையும்

ஜெர்மனி முழுக்க அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1876 ஜனவரி 1லதான் வந்துச்சு, ப்ரஷ்யால 1874 அக்டோபர், ரைன் நதிக்கு மேற்கால பிரெஞ்சு ஆட்சியால 1798லயே. இந்தப் பதிவுகள்ல பிறப்பு 110 வருஷம், கல்யாணம் 80, இறப்பு 30 வருஷம் கழிச்சுத்தான் பொதுவாத் திறக்கும். அதுக்கு முன்னாடி எல்லாமே சர்ச் புத்தகம். ப்ராட்டஸ்டண்ட் புத்தகங்களுக்கு ஆர்க்கியோன்ங்கற கட்டண சைட், கத்தோலிக்கப் புத்தகங்களுக்கு மட்ரிகுலாங்கற இலவச சைட். 1618-1648 முப்பதாண்டுப் போர்ல எரிஞ்சுபோன ஊர்கள்ல அதுக்கு முந்தின புத்தகம் இருக்காது, அதுக்கு மாற்று வழி கீழ சொல்றேன்.

கையெழுத்து குர்ரெண்ட்ங்கற பழைய ஸ்டைல்ல இருக்கும், அதுல e எழுத்தும் n எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, u எழுத்துக்கு மட்டும் தலையில ஒரு சின்ன வளைவு போட்டிருப்பாங்க, அந்த வளைவப் புடிச்சு வாசிக்கப் பழகிட்டீங்கன்னா மீதி தானா வரும். ஞானஸ்நானப் பதிவுல அப்பா அம்மாவோட நிறுத்திடாதீங்க. ஞானப்பெற்றோர் பட்டியல முழுசா எழுதி வெச்சுக்கோங்க, பிரபு வீட்டுக் குழந்தைன்னா அது நீளமா இருக்கும், பெரும்பாலும் அப்பாவோட பங்காளிங்களும் அம்மாவோட பிறந்த வீட்டு ஆளுங்களும்தான், வர முடியாதவங்களுக்குப் பதிலா யார் நின்னாங்கன்னு கூட எழுதியிருப்பாங்க. அம்மா எந்தக் குடும்பம்னு சந்தேகம் இருந்தா இந்தப் பட்டியல்லதான் விடை இருக்கும்.

தேதில ஒரு ஆபத்து இருக்கு. கத்தோலிக்கப் பகுதிகள் 1582லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் புதுக் காலண்டருக்கு மாறிட்டாங்க, ப்ராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700 வரைக்கும் மாறல, அந்த வருஷம் பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதனால 17ம் நூற்றாண்டுல ஒரே ஆளுக்குப் பத்து நாள் வித்தியாசத்துல ரெண்டு தேதி கிடைச்சா ரெண்டுமே சரியா இருக்கலாம், எந்தக் காலண்டர்னு பக்கத்துல குறிச்சுக்கோங்க.

புத்தகம் எரிஞ்சுபோன ஊருக்கு மாற்று வழி ரெண்டு. ஒண்ணு, ப்ராட்டஸ்டண்ட் வீடுகள்ல 16லேர்ந்து 18ம் நூற்றாண்டு வரைக்கும் அச்சடிச்ச இறுதிச் சடங்குப் பிரசங்கம், அதுல செத்தவங்களோட வாழ்க்கை வரலாறும் தாத்தா பாட்டி வரிசையும் வரும், இதத் தேடித் தொகுக்கற ஆராய்ச்சி மையம் மார்புர்க்ல இருக்கு. இன்னொண்ணு, சர்ச் சுவர்ல இருக்கற நினைவுக்கல். நடுவுல செத்தவர் உருவம், ரெண்டு ஓரத்துலயும் மேலேர்ந்து கீழ சின்னச் சின்னக் கேடயம், எட்டு இல்ல பதினாறு. பொதுவா பாக்குறவங்களுக்கு இடது பக்கம் அப்பா வழி, வலது பக்கம் அம்மா வழி. மைன்ட்ஸ் மாதிரி பெரிய கதீட்ரல் சபைகள்ல இடம் வேணும்னா ரெண்டு பக்கத்து முன்னோரும் பிரபுக்கள்னு நிரூபிக்கணும், அதுக்காக இந்தக் கணக்க அவங்க ரொம்ப அக்கறையாக் காப்பாத்துனாங்க. அந்தக் கேடயங்களோட ஒரு தெளிவான போட்டோ கிடைச்சா நாலு தலைமுறைப் பொண்ணுங்களோட பிறந்த வீடு உங்க கைக்கு வந்துடும், வம்சாவளில எப்பவும் தொலைஞ்சுபோறது அவங்க பேருதான்.

இப்ப வாரிசுக் கேள்வி

பழைய காலத்துல ஆம்பளப் பிள்ளைங்க எல்லாரும் நிலத்தப் பிரிச்சுக்கிட்டாங்க, அதனாலதான் துரிங்கியா வரைபடம் அவ்வளவு துண்டு துண்டா இருக்கு. பிறகு 17, 18ம் நூற்றாண்டுல ஒவ்வொரு குடும்பமா மூத்த மகன் வழின்னு சட்டம் எழுத ஆரம்பிச்சாங்க. சில குடும்பத்துல மூத்த மகன் வழி கிடையாது, மொத்தப் பங்காளிங்கள்ல வயசுல மூத்தவருக்குப் போற சீனியராட் முறை, அதுல சொத்து ஒரு கிளையிலேர்ந்து இன்னொரு கிளைக்குத் தாவிக்கிட்டே இருக்கும். ஆட்சி இல்லாத குடும்பங்கள்ல நிலத்த விக்க முடியாம, பிரிக்க முடியாமக் கட்டிவெச்ச ஃபிடைகோமிஸ்ங்கற ஏற்பாடு, அதோட பத்திரத்துல யாருக்குப் போகணும்னு எழுதியிருக்கும். அதனால "வாரிசு யாரு"ன்னு கேக்காதீங்க, "எதுக்கு வாரிசு, எந்த வருஷச் சட்டப்படி"ன்னு கேளுங்க.

அதுக்கப்பறம்தான் எபன்ப்யூர்டிஹ்கைட், அதாவது கல்யாணத்துல சரிசம அந்தஸ்து. மனைவி சமமான வீட்டுப் பொண்ணு இல்லாட்டி கல்யாணம் சட்டப்படியும் சர்ச்படியும் செல்லும், பிள்ளைங்க முறையான பிள்ளைங்கதான், ஆனா அப்பாவோட பட்டமும் வாரிசுரிமையும் வராது, தாயும் பிள்ளைங்களும் வேற பேர் வாங்கிக்கணும். நமக்கெல்லாம் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு உண்டு. ஹெஸ்ஸே இளவரசர் அலெக்ஸாண்டர் 1851ல யூலியா ஹவுக்கேங்கற போலிஷ் தளபதி மகளக் கட்டுனாரு, அவங்களுக்கு பாட்டன்பெர்க்னு தனிப் பேர் குடுத்தாங்க, அந்தக் கிளை இங்கிலாந்துல குடியேறி 1917ல ஜெர்மன் பட்டத்த விட்டுட்டு மவுண்ட்பேட்டன்னு மாறுச்சு, 1947ல இந்தியாவோட கடைசி வைஸ்ராயா வந்தவர் அந்த யூலியாவோட பேரன்.

எது சமம், எது சமமில்லங்கறது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அதுக்கு லிப்பே வழக்க முழுசாப் படிச்சே ஆகணும். 1895 மார்ச்ல லிப்பேயோட ஆட்சியாளர் வோல்டெமார் பிள்ளை இல்லாம செத்தாரு. தம்பி அலெக்ஸாண்டருக்கு மனநோய், ஆள முடியாது, அவருக்கும் பிள்ளை இல்ல. பங்காளி வரிசைப்படி அடுத்தது பீஸ்டர்ஃபெல்ட் கிளையோட க்ராஃப் எர்ன்ஸ்ட். ஆனா வோல்டெமார் ரகசியமா எழுதி வெச்சிருந்த ஆணைல ரீஜண்ட் பதவி, அதாவது ஆள முடியாத மன்னருக்குப் பதிலா ஆளுற பதவி, ஷாவும்புர்க்-லிப்பே அடோல்ஃபுக்குப் போச்சு, அவர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மோட தங்கச்சி புருஷன். பீஸ்டர்ஃபெல்ட் கிளை மேல அடோல்ஃப் பக்கத்து ஆளுங்க வெச்ச குத்தம், எர்ன்ஸ்டோட பாட்டி மோடெஸ்டே ஃபோன் உன்ரூ, 1803ல கல்யாணம் ஆனவங்க, சமமான குடும்பம் இல்லங்கறது. ஒரு பாட்டியோட கல்யாணம், தொண்ணூறு வருஷம் கழிச்சு ஒரு நாட்டோட சிம்மாசனத்த முடிவு பண்ற கேள்வியாயிடுச்சு. சாக்ஸனி ராஜா ஆல்பெர்ட் தலைமைல நடுவர் மன்றம் உக்காந்து 1897ல எர்ன்ஸ்ட் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. 1904ல எர்ன்ஸ்ட் செத்ததும் சண்டை திரும்பவும் கிளம்பி, 1905 ஜனவரில அலெக்ஸாண்டரும் செத்து, அதே வருஷம் அக்டோபர்ல லைப்ட்ஸிக் உச்ச நீதிமன்றம் எர்ன்ஸ்டோட மகன் லியோபோல்டுக்கே சாதகமாத் தீர்ப்பு குடுத்துச்சு. பிறந்த தேதிகள் எல்லாத்தையும் சரியா வெச்சிருந்தாலும் இந்தக் கல்யாணத்தப் பத்தித் தெரியாம இந்தக் குடும்பத்தோட கதை ஒரு வரி கூடப் புரியாது. அதனால உங்க ட்ரீல ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனியா ஒரு குறிப்பு வெச்சுக்கோங்க: மனைவி எந்தக் குடும்பம், அப்ப அந்தக் குடும்பத்தோட அந்தஸ்து என்ன, குடும்பத் தலைவர் சம்மதம் இருந்துச்சா, பிள்ளைங்க எந்தப் பேர்ல பதிவானாங்க.

ராய்ஸ் குடும்பத்துக்குள்ள போறவங்களுக்குத் தனி எச்சரிக்கை. அங்க ஆம்பளப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஹைன்ரிஷ்னுதான் பேரு, நம்பர் ஆட்சி வரிசை இல்ல, பிறந்த வரிசை. மூத்த கிளைல நூறு வரைக்கும் எண்ணிட்டுத் திரும்ப ஒண்ணு, இளைய கிளைல நூற்றாண்டு மாறும்போது திரும்ப ஒண்ணு. அதனாலதான் பதினாலாம் ஹைன்ரிஷோட மகன் இருபத்தேழாம் ஹைன்ரிஷ், அவரோட மகன் நாப்பத்தஞ்சாம் ஹைன்ரிஷ். நம்பரோட கிளைப் பேரும் பிறந்த வருஷமும் சேத்து எழுதாம ஒரு ஹைன்ரிஷையும் உள்ள விடாதீங்க.

1919க்கு அப்பறம்

வைமார் அரசியல் சட்டம் 109வது பிரிவு பிறப்பால வர்ற சலுகைய ரத்து பண்ணுச்சு, டைட்டில் பேரோட ஒரு பகுதியா மட்டும் நிக்கும், புதுசா யாருக்கும் குடுக்க முடியாது. அதனாலதான் மேற்கு ஜெர்மனி அமைச்சர் ஓட்டோ க்ராஃப் லாம்ப்ஸ்டோர்ஃப் பேர்ல க்ராஃப் நடுவுல வருது. ஆஸ்திரியா அதே 1919 ஏப்ரல்ல ஃபோன கூட எடுத்துருச்சு, அங்க ஒரே குடும்பத்தோட ரெண்டு கிளை எல்லையோட ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா எழுதும். ஃபிடைகோமிஸ் சொத்துக் கட்டு கடைசியா 1939 ஜனவரி 1ல அவுந்துச்சு.

இதனால இன்னிக்கு ரெண்டு கணக்கு தனித்தனியா ஓடுது. சட்டப்படி பேர் தத்து மூலமா வரும், அம்மா வழியா வரும், 1976 சட்டத்துக்கு அப்பறம் மனைவி பேர எடுத்துக்கற புருஷனுக்கும் வரும். பழைய பிரபுச் சட்டத்தப் பின்பத்துற சங்கங்கள் இது எதையும் ஏத்துக்காது, முறையான கல்யாணத்துல பிரபு அப்பாவுக்குப் பிறந்தவங்கதான் கணக்கு, அவங்க பதிப்புல அப்படித்தான் அச்சாகும். உங்க ட்ரீல ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க. குடும்பச் சட்டம் சிம்மாசனத்துக்கு உதவாதுன்னாலும் சொத்து உயில்ல அந்த சரிசமக் கல்யாண நிபந்தனை தொடர்ந்துச்சு, கைசரோட குடும்பமான ஹோஹென்ஸோலர்ன் வழக்குல 2004 மார்ச்ல ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் அத வெச்சு குடும்பத்துல ஒருத்தர விலக்குனது செல்லும்னு கீழ் நீதிமன்றம் சொன்னத ரத்து பண்ணுச்சு. உயிரோட இருக்கறவங்க முகவரி, பிள்ளைங்க விவரமெல்லாம் பொதுவுல போடாதீங்க, அது அவங்க சொந்த வாழ்க்கை.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது ஒரே கேள்வி, ஒரே ஆள், பேர், ஊர், சுமார் வருஷம்னு சின்னதா எழுதுங்க, ஜெர்மன்ல எழுதுனா பதில் சீக்கிரம் வரும். குடும்ப ஆவணம் சில இடத்துல இன்னும் அரண்மனைலயே இருக்கும், ஹோஹென்லோஹே ஆவணங்க நோயன்ஷ்டைன் கோட்டைல இருக்கு, ஆனா அரசு காப்பகத் துறைதான் பாத்துக்குது.

பழகுறதுக்கு ஷ்வார்ட்ஸ்புர்க் குடும்பத்த எடுங்க, சின்னக் குடும்பம், 1971ல ஆண் வழி முடிஞ்சுபோச்சு, உயிரோட இருக்கறவங்க பிரச்சனை வராது. அங்க சிஸ்ஸோன்னு ஒருத்தர், 1860ல அந்தஸ்து சமமில்லாத கல்யாணத்துல பிறந்தவர், அப்பா ஷ்வார்ட்ஸ்புர்க்-ருடோல்ஷ்டட்டோட ஆட்சியாளர், பிள்ளைக்கு வந்த பேர் லாய்டன்பெர்க். ஆண்டுக்கிட்டிருந்த க்யூந்தர் விக்டருக்குப் பிள்ளை இல்லாததால 1896ல குடும்பம் கூடி சிஸ்ஸோவ முழு உரிமையோட ஷ்வார்ட்ஸ்புர்க் இளவரசரா ஏத்துக்கிச்சு. 1896க்கு முன்னாடி ஒரு ஹோஃப்கலெண்டர், பின்னாடி ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டு அவர் எங்க, எந்தப் பேர்ல வர்றாருன்னு தேடுங்க, கூடவே அவரோட அம்மா ஹெலேனே ஃபோன் ரைனா யாரு, அவங்கள ஏன் சமமில்லன்னு சொன்னாங்கன்னு தேடுங்க.